உலகம்மாளின் பங்கு

கான்கிரீட் லாரி விடிவதற்கு முன்பே வந்துவிடும். கம்பெனி பஸ்கள் ஒரகடம் சாலையை அடைத்துக்கொண்டுவிட்டால் லாரி நகராது. லாரி நகராவிட்டால் கலவை இறுகும். கலவை இறுகினால் காண்ட்ராக்டர் செங்கல்வராயனுக்கு நஷ்டம். அவருக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாதே என்பதற்காகப் பூவந்தாங்கல் காலனிப் பெண்கள் கோழிகளுக்கு முன்னால் எழுந்துகொண்டிருந்தார்கள்.

கிரேசி சும்மாட்டை அழுத்தி வைத்துக்கொண்டு சட்டிக்குக் குனிந்தாள். ஈரக் கலவையின் கனம் கழுத்தில் ஏறி, முதுகுத்தண்டு வழியாக இறங்கி, இடுப்பில் போய் உட்கார்ந்தது. பலகைமேல் நடந்து பள்ளத்தின் விளிம்பில் சட்டியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பும்போது மட்டும்தான் மூச்சு முழுதாக வரும். சிமெண்ட் தண்ணீர் காதோரம் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கும். இறங்கிய இடமெல்லாம் மாலைவரை அரிக்கும், அதன்பின் எரியும்.

"பாத்து ஊத்துடி. பள்ளத்துல தண்ணி கசியுது" என்றாள் பின்னால் வந்த உலகம்மாள். இருவரும் பல வருஷமாக ஒன்றாகச் சித்தாள் வேலை பார்ப்பவர்கள். உலகம்மாள் மூத்தவள், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வாய் மட்டும் உண்டு.

கிரேசி எட்டிப் பார்த்தாள். நேற்றுக் காய்ந்து கிடந்த அஸ்திவாரப் பள்ளத்தின் அடியில் கறுப்பாக ஈரம் மினுங்கியது. மழை பெய்து ஒரு வாரமாகிறது. இந்தத் தண்ணீர் மேலிருந்து வந்ததில்லை, பக்கவாட்டில் ஊறி வருகிறது. அவர்கள் கட்டும் மதிலின் ஒரு பக்க அஸ்திவாரம் ராயங்கால்வாயின் கரைக்கு வந்துவிட்டது. மறுபக்கத்துச் சுவரும் அதே நேர்க்கோட்டில் எதிர்க்கரைக்கு வந்து நின்றது. நடுவில் கால்வாய் மட்டும்தான் பாக்கி.

"மேஸ்திரி, பாலத்துக்கு எப்ப பள்ளம் தோண்டுவீங்கோ?" என்று கேட்டாள் கிரேசி.

"இன்னா பாலம்?"

"கால்வா மேல பாலம் வுட்டுத்தான் மதிலு கட்டுவோம்னு ஓனரு சொன்னாரே."

"அத்த ஓனராண்ட கேளு. நீ சட்டிய எடு."

கிரேசி சட்டியை எடுத்தாள். ஆனால் ஒவ்வொரு நடைக்கும் கால்வாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

ராயங்கால்வாயை எந்த ராயன் வெட்டினான் என்று யாருக்கும் தெரியாது. எவன் வெட்டச் சொல்லியிருந்தாலும் மண்வெட்டி பிடித்தது தங்கள் ஆட்கள்தான் என்பதில் காலனிக்குச் சந்தேகம் கிடையாது. பெரிய ஏரியில் கிளம்பி, காலனியை ஒட்டி வளைந்து, ஊர்க்காரர்களின் வயல்களைத் தாண்டி, கடைசியாகக் காலனியார் உழுகிற கடைமடை நிலங்களை நனைத்துவிட்டுத் தாங்கல் என்கிற சின்ன ஏரியில் விழுகிற கால்வாய் அது. வல்லம் வடகால் பக்கம் இருந்த வயல்கள் எல்லாம் கம்பெனிகளாகிவிட்ட பிறகும் பூவந்தாங்கலில் மிச்சமிருக்கும் நெல் இந்தக் கால்வாயை நம்பித்தான் இருக்கிறது. கடைமடையில் ஒரு துண்டு நிலத்தைக் கிரேசி ஊர்க்காரர் நாகப்பனிடமிருந்து குத்தகைக்கு எடுத்து உழுகிறாள். அவள் விட்ட சம்பா நாற்று நடவுக்கு நின்றது.

ஒவ்வொரு ஆவணியிலும் 'கால்வெட்டு' நடக்கும். அடுப்புக்கு ஓர் ஆள் என்பது கணக்கு. எந்தக் கூரையின் கீழ் உலை கொதிக்கிறதோ அங்கிருந்து ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டும். நிலம் இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. மூங்கில் கோலால் அளந்து ஆளுக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கைத் தூர்வாருவது அந்த அடுப்பின் பொறுப்பு. ஆள் வர முடியாத அடுப்பு, சீக்காளி அடுப்பு என்றால் அந்தப் பங்கைக் கடைசியில் எல்லாரும் சேர்ந்து வெட்டிக் கொடுப்பார்கள். அது முடியும்வரை ஒருவரும் மண்வெட்டியைக் கழுவக் கூடாது. கழுவாத மண்வெட்டியோடு வீட்டுக்குப் போகவும் கூடாது.

கேட்க அழகாகத்தான் இருக்கும். வெட்டும்போதுதான் அத்தனை சமத்துவமும். தண்ணீர் வந்ததும் ஊர் வயல்கள் வரப்பு தளும்பக் குடித்த பிறகுதான் கடைமடைக்கு முறை. கிரேசியின் அப்பா தன் பங்கை ஒரு வருஷமும் தவறாமல் வெட்டினார். பாதி வருஷங்கள் வெடித்த வயலில் நின்று மேலே பார்த்துக் கத்தினார். அவர் கத்தியது எவர் காதிலும் விழவில்லை.

இந்த ஆவணியில் செங்கல்வராயன் காரில் வந்து இறங்கினார். ஏதோ ஒரு கம்பெனிக்குக் குடோன் கட்டும் நிலத்தைச் சமப்படுத்தி மதில் எழுப்பும் வேலை அவருடையது. "இந்தக் காலத்துல எவன்யா மம்பட்டி புடிப்பான்? எல்லாரும் ஷிப்டுக்குப் போங்க. என் மெஷின் வந்து ஒரே நாள்ல வாரித் தள்ளிடும். ஃப்ரீ!" என்றார். லீவு போட்டால் போனஸில் கை வைக்கும் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். நாகப்பன் தலையாட்டினார். ஊர் தலையாட்டியது. காலனியும் ஆட்டியது. கிரேசியும்தான், இடுப்புக்கு ஒரு நாள் ஓய்வு என்று.

மெஷின் வந்தது. கீழ்ப்பக்கக் கால்வாயில் நல்ல மண்ணாகப் பார்த்து ஆழமாக அள்ளிக்கொண்டு போய்க் குடோன் நிலத்தை மேடாக்கியது. மேல்பக்கத்தைத் தொடவே இல்லை. கோல் பிடித்து அளக்க ஆள் வராததால் கால்வாயை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்க்கவும் ஆள் இல்லை. இந்த வருஷம் பூவந்தாங்கலில் ஒருவர் காலும் கால்வாய்க்குள் படவில்லை. செங்கல்வராயனுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

மத்தியானம் சோற்று வேளையில் டென்னிஸ் வந்தான். கிரேசியின் தம்பி. கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் தனிக் குடித்தனம் இருக்கிறான். செங்கல்வராயனின் ஜேசிபி ஓட்டுகிறவன் அவன்தான். தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்தான், வாயில் வைக்கவில்லை.

"இன்னாடா, துன்னு."

"க்கா, பாலமெல்லாம் கெடையாது."

"யாரு சொன்னா?"

"ஓனரே சொல்ட்டாரு. ஞாயித்துக்கெழம காலைல, எல்லாரும் பூசைக்குப் போன நேரமா பாத்து, ரெண்டு கரைக்கும் நடுவுல மண்ணக் கொட்டி மூடிடணுமாம். சின்னதா ஒரு பைப்பு கூட வெக்கலக்கா. வெச்சா அப்பறம் அத்த பெருசு பண்ணுன்னு கேப்பாங்களாம்."

கிரேசியின் கையில் உருட்டிய சோறு அப்படியே நின்றது. செங்கல்வராயன் மூடச் சொல்லும் இடம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். பங்கைக் குறிக்கும் எல்லைக்கல் நட்ட இடம். கால்வெட்டில் அது உலகம்மாளின் பங்கு.

"ஏரி ரொம்பிக்கினு கீது. ஐப்பசி மழைக்கு வழிஞ்சா தண்ணி எங்கடா போவும்? நம்ம வூட்டுக்குள்ளதான் வரும். கீழ எந்நாத்து கருகும். மேல என் வூடு முழுவும். மாட்டேன்னு சொல்றா."

"நான் போடலன்னா வேற டிரைவரு போடுவான். எனக்கு வேலதான் பூடும்."

"பூட்டா பூட்டும்."

"சொல்லுவ. சட்டி தூக்கறத நீ வுட்டியா? அந்த மதிலு யாரு கட்டறது, நீதான?"

கிரேசி உருட்டிய சோற்றைத் தூக்கிலேயே போட்டாள். அவன் சொன்னது நியாயம்தான், அதுதான் சுட்டது. டென்னிஸ் சோற்றை மூடி எடுத்துக்கொண்டு போனான்.

சாயங்காலம் அவள் நாகப்பன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவளுடைய அப்பா அந்த வாசலில் 'ஐயா' என்று நின்றவர். கிரேசி 'அண்ணா' என்பாள். நாகப்பனும் ஒன்றும் பெரிய பண்ணையாரில்லை. கொஞ்சம் நிலம், காலனியை ஒட்டி வடநாட்டு ஆட்களுக்கு வாடகைக்கு விட்ட லைன் வீடுகள், இரண்டு மாடு. அவ்வளவுதான்.

"ண்ணா, ஞாயித்துக்கெழம கால்வாய மூடப் போறாங்கோ."

"பைப் வெப்பாங்கோ. எங்கையில சொல்லிகீறாரு."

"வெக்கலியாம். டென்னிஸ் சொல்றான். நீ நாலு பேர இட்டுகினு வந்து கேளுண்ணா. உன் வயலும்தான காயும்?"

நாகப்பன் மாட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி அதே முளையில் கட்டினார். "நாந்தான் மெஷினுக்குச் சரின்னேன். இப்ப நானே போயி எப்படிக் கேக்கறது? பாக்கலாம். மழயே இன்னும் வரல."

கிரேசி வானத்தைப் பார்த்தாள். கிழக்கில் கடல் இருக்கும் திசையில் ஒரு கறுப்புப் பட்டை கிடந்தது. காற்று அசையவே இல்லை. எப்போதும் அந்த நேரத்துக்கு வயலில் இறங்கும் கொக்குகளில் ஒன்றையும் காணோம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்தபோது மெஷின் சத்தம் கேட்டது. முதலில் உறுமல், பிறகு மண் விழும் 'பொத்' என்ற ஓசை. மறுபடி உறுமல், மறுபடி 'பொத்'. கிரேசி செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு 'பொத்'தையும் எண்ணினாள். பக்கத்தில் உலகம்மாள் எழுந்துவிட்டாள். அவள் கிறிஸ்தவளும் இல்லை, சும்மா கிரேசிக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருப்பவள். "ஏம் பங்குடி அது. ஏம் பங்குல கொட்றானுங்கோ" என்றாள்.

போய்ப் பார்த்தபோது கால்வாய் இருந்த இடத்தில் தரை இருந்தது. செம்மண்ணைக் கொட்டி, மெஷினின் வாளியால் தட்டிச் சமன் செய்திருந்தார்கள். எல்லைக்கல் எங்கோ அடியில் கிடந்தது. டென்னிஸ் கண்ணாடிக்குள் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டும் திரும்பவில்லை.

மறுநாள் மழை தொடங்கியது. சாதாரண மழைதான். ஆனால் செம்மண் மேட்டுக்கு மேல்பக்கம் தண்ணீர் நகராமல் நின்றது. கலங்கி, நுரைத்து, செத்த தவளைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் சுமந்துகொண்டு மேட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கீழ்ப்பக்கம் அள்ளிய பள்ளத்தில் மழைத்தண்ணீர் குட்டையாகக் கிடந்தது, வயலுக்கு ஏறவில்லை. அதற்கடுத்த நாள் விடியும்போது மழை விட்டிருந்தது. லாரி வந்து நின்றது. "பள்ளத்துல தண்ணிய எறச்சிட்டு ஊத்துங்கடி" என்றான் மேஸ்திரி.

உலகம்மாள்தான் முதலில் பள்ளத்தில் இறங்கினாள். வாளியால் மொண்டு மேலே நீட்ட, கிரேசி வாங்கிக் கொட்டினாள். நாலைந்து வாளி போயிருக்கும். பள்ளத்தின் சுவரில் விரலகலத்துக்கு ஒரு கோடு நெளிந்து ஓடுவதைக் கிரேசி பார்த்தாள். "யக்கா, மேல வா!" என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் சுவர் அப்படியே சரிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஈர மண் ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். உலகம்மாளின் தலையும் ஒரு கையும்தான் வெளியே தெரிந்தன.

பெண்கள் பள்ளத்தில் குதித்தார்கள். மண்வெட்டி வைத்தால் உடம்பில் பட்டுவிடும் என்று கைகளாலேயே வாரினார்கள். நகம் பெயர்ந்தது. லைன் வீட்டிலிருந்து ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒடிசாக்காரன் தீனபந்து, கூச்சல் கேட்டு, கம்பெனிச் சட்டையோடு ஓடிவந்து இறங்கினான். அவனோடு அவன் அறைக்காரர்களும் இறங்கினார்கள். வெளியே எடுத்தபோது உலகம்மாளின் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. "எஞ் சட்டிய எடுத்து வைடி" என்றாள். அதைக் கேட்டதும்தான் கிரேசிக்கு அழுகை வந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு செங்கல்வராயன் வந்தார். காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு மிதிக்காமல் பலகைமேல் நடந்து வந்தார்.

"கால் வழுக்கி வுழுந்துட்டாங்கோ. இன்னா பண்றது, வேலன்னா அப்படித்தான். ஆஸ்பத்திரி செலவ நான் பாத்துக்கறேன். வேலய ஆரம்பிங்க."

"வழுக்கி வுழல சார். மண்ணு சரிஞ்சி மேல வுழுந்துச்சி" என்றாள் கிரேசி. அவள் கைகள் முழங்கைவரை சேறு. "அந்தாண்ட நிக்கிற தண்ணிதான் மண்ண எளக்கிடுச்சி. கால்வாயத் தொறங்க. அப்பத்தான் வேல செய்வோம்."

"எந்தக் கால்வா?"

"ராயங்கால்வா சார்."

"இங்க எங்க கீது கால்வா? காட்டு, பாக்கலாம்."

அவர் செம்மண் மேட்டின்மேல்தான் நின்றுகொண்டிருந்தார். கிரேசி அவர் செருப்பைக் காட்டினாள். "உங்க காலுக்குக் கீழ கீது."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். செங்கல்வராயனும் சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடக் கிரேசி அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். பக்கத்தில் வந்து, வீட்டு மனுஷனைப் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"கிரேசி, உங்கப்பன எனக்குத் தெரியும். கடைமடைல நின்னுகினு தண்ணிக்குக் கத்துவாரே, நான் சின்னப் புள்ளையா பாத்துகீறேன். ஊர்க்காரன் ஒரு நாளாவது உங்களுக்கு மொத தண்ணி வுட்டானா? சொல்லு. அவன் வயலு காஞ்சா உனக்கு இன்னா? மதிலு முடியட்டும், உள்ள குடோன் வருது. உன் தம்பிக்கு உள்ளயே வேல போட்டுத் தரேன்."

எல்லாம் உண்மை. அந்த மனிதன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவளுக்கு அப்பாவின் குரல் கேட்டது, வெடித்த வயலின் நடுவிலிருந்து. 

"வுடல சார்" என்றாள். "மொத தண்ணி ஒரு வருசமும் வுடல. அந்தச் சண்டய நாங்க அவங்களாண்ட போட்டுக்கறோம். சண்ட போடறதுக்குத் தண்ணின்னு ஒண்ணு வேணும்ல?"

செங்கல்வராயனின் சிரிப்பு நின்றது. "செரி. நாளைக்கு ஒரு லாரி ஆளு வெளியூர்லேர்ந்து எறங்கும். உங்கள்ல ஒருத்தருக்கும் இங்க வேல கெடையாது. டென்னிஸ் மெஷின வெச்சி மேட்ட இன்னும் ஒசத்திடுவான். அப்பறம் பேசுங்க."

கிரேசி தன் சட்டியைத் தரையில் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாகச் சட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். லாரிக்குள் கலவை சுற்றிச் சுற்றி இறுகிக்கொண்டிருந்தது.

மாலை ஷிப்ட் விட்ட நேரத்தில் லைன் வீடுகளின் முன்னால் கூட்டம் கூடியது. யாரும் அழைக்கவில்லை. தண்ணீர்தான் அழைத்தது. லைன் வீட்டு முற்றத்தில் கணுக்கால் ஆழம் நின்றது. தீனபந்து கேஸ் அடுப்பைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். காலனியின் கடைசித் தெருவில் பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெரிய ஏரி இன்னும் ஒரு மழைக்குத்தான் தாங்கும் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். ஊர் ஆட்களோடு நாகப்பனும் வந்திருந்தார். அவருடைய வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நாளைக்கி விடியறப்ப கால்வெட்டு" என்றாள் கிரேசி. "அடுப்புக்கு ஒரு ஆளு."

காலனியில் பெயிண்டர் வேலை செய்யும் யாக்கோபு, "யாருக்கு வெட்றது? நம்ம வூட்டுத் தண்ணி வடியணும், செரி. அப்பறம் இவங்க மொதல்ல ரொப்பிக்குவாங்கோ, நாம வழக்கம்போல பாத்துகினு நிக்கணுமா?" என்றான்.

கிரேசி நாகப்பனிடம் திரும்பினாள். "ண்ணா, இந்த வருசத்துலேர்ந்து கடைமடைக்கு மொத மொற. கீழேர்ந்து மேல ரொப்பணும். சரின்னு சொல்லு."

"அது வந்து... ஊர்ல கலந்துகினு..."

"ஊரு இங்கதான நிக்குது?"

நாகப்பன் தன் ஆட்களைப் பார்த்தார். சிலர் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் முணுமுணுத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீ மாட்டேன்னாலும் நாங்க வெட்டத்தான் போறோம், எங்க வூட்ல தண்ணி பூருது" என்றாள் கிரேசி. "ஆனா நீ சரின்னு சொல்லு. உன் வாயால கேக்கணும்."

தண்ணீர் சலசலத்தது. நாகப்பனுக்கு அந்தச் சொல் தொண்டையிலிருந்து ஏறி வர நேரம் பிடித்தது. பாட்டன் காலத்திலிருந்து கீழே போட்டு அழுத்தி வைத்த சொல் அது.

"செரி. கீழேர்ந்து மேல" என்றார். பிறகு, கேட்காமலே, "மெஷினுக்கு நான் தலையாட்டினது தப்பு" என்றார்.

"எல்லாருந்தான் ஆட்டினோம்" என்றாள் கிரேசி.

கூட்டத்தின் பின்னாலிருந்து தீனபந்து கையைத் தூக்கினான். கம்பெனியில் சூப்பர்வைசரிடம் கேட்பதுபோல. "அக்கா, எங்க ரூம்ல அடுப்பு இருக்கு. நாங்க ஆள் தரணுமா?"

ஒருவரும் அதை யோசித்ததில்லை. அந்த வரிசையில் எத்தனை அறை, எத்தனை அடுப்பு! இத்தனை வருஷமாக அங்கே உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

"தரணும்" என்றார் நாகப்பன். "ரூமுக்கு ஒருத்தரு."

விடிந்தபோது வானம் விடியாத மாதிரிதான் இருந்தது. கிழக்கே இருள் கட்டி நின்றது. நைட் ஷிப்ட் முடித்தவர்கள் கம்பெனி யூனிபார்மைக் கழற்றாமலே பஸ்ஸிலிருந்து நேராக வந்தார்கள். நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் மண்வெட்டி. நாகப்பன் மூங்கில் கோலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை யாக்கோபு பிடித்தான். அப்படி இதற்கு முன் நடந்ததில்லை. பழைய பங்குகளை அளந்து, புதிய அடுப்புகளுக்கு இடம் விட்டு, மேல்பக்கத்திலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்தார்கள். நாறிய சேற்றை வாரிக் கரையில் எறிந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் மண்வெட்டி கண்ணுக்குத் தெரியாது. காலால் தடவிப் பார்த்துத்தான் வெட்ட வேண்டும்.

செம்மண் மேட்டின்மேல் ஜேசிபி நின்றது. டென்னிஸ் உள்ளே இருந்தான். கீழே செங்கல்வராயன் கத்திக்கொண்டிருந்தார், "போடுடா மண்ண, போடு!" என்று. சாலையில் ஒரு லாரி நிறைய வெளியூர் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். கால்வாய்க்குள் இருக்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் இறங்கவில்லை.

மேட்டுக்குக் கீழே, மெஷினின் வாளிக்கு நேர் கீழே ஒரு பெண் மண்வெட்டியோடு நின்றாள். டென்னிஸின் மனைவி ஜெர்சி. தங்கள் அடுப்புக்கு ஆளாக அவள் வந்திருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை. தன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

என்ஜின் நின்றது. டென்னிஸ் இறங்கி வந்து சாவியைச் செங்கல்வராயனின் கையில் வைத்தான். "மெஷினு உங்களுது சார்" என்று மட்டும் சொன்னான். கால்வாய்க்குள் இறங்கி ஒரு மண்வெட்டிக்குக் கை நீட்டினான்.

"அடுப்புக்கு ஒரு ஆளுதான்" என்றாள் ஜெர்சி. "நான் வந்துட்டேன். நீ எதுக்கு?"

அவன் அக்காவைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகப் பார்த்தான். "நான் ஒலகம்மாக்கா பங்குக்கு வந்துகீறேன்."

கிரேசி தன் மண்வெட்டியை அவனிடம் நீட்டிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாள். 

அவரவர் பங்கு முடிந்து ஆட்கள் நிமிர்ந்தபோது போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். செங்கல்வராயன் அவர் காதருகே ஏதோ பேசிக்கொண்டே வந்தார்.

"எல்லாம் மேல வாங்க. தாசில்தார் வந்து பாக்கற வரைக்கும் மேட்டுல யாரும் கை வைக்கக் கூடாது. வைச்சா கேஸ் போட வேண்டி வரும்" என்றார் இன்ஸ்பெக்டர். முன்னால் நின்ற தீனபந்துவைப் பார்த்து, "நீ எந்த ஊருப்பா?" என்றார்.

தீனபந்து சேற்றுக் கையால் லைன் வீட்டைக் காட்டினான். "பூவந்தாங்கல் சார். அடுப்பு இங்கதான்."

இன்ஸ்பெக்டர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். குரலைக் கொஞ்சம் இறக்கினார். "உங்க வேலைதான் முடிஞ்சிடுச்சில்ல? மம்பட்டியக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க."

ஒருவரும் அசையவில்லை. முதல் துளிகள் விழத் தொடங்கின, கனமாக, இடைவெளி விட்டு. செம்மண் மேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நேற்றைவிட ஒரு முழம் உயர்ந்து நின்றது. காக்கிச் சட்டையைக் கண்டால் கும்பிடு போட்டே பழகிய நாகப்பன் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். அதன் தகட்டில் சேறு அப்படியே இருந்தது.

"இன்னும் கழுவக் கூடாது சார்" என்றார். "ஒலகம்மா பங்கு பாக்கி கீது."

கிரேசி மேட்டில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் டென்னிஸ், ஜெர்சி, யாக்கோபு, தீனபந்து, நாகப்பன், சட்டையெல்லாம் சேறாக ஷிப்ட் ஆட்கள். கேஸ் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். வேலை போகும் என்றும் தெரியும். ஏரி எந்த நேரத்தில் வழியும் என்று யாருக்கும் தெரியாது. எல்லைக்கல் புதைந்திருக்கும் இடத்தைக் காலால் தேடிப் பார்த்து, அதற்கு ஒரு சாண் தள்ளி அவள் முதல் வெட்டை வெட்டினாள்.